ஊசியில் வந்த நீர்

கோக்-புலாக்
3 பிப்ரவரி 1997

மருத்துவர் புருல் அவர்களுக்கு,

மூன்று வருடமாக உங்களுக்கு ஒரு வரிகூட எழுதாமல் நிம்மதியாக இருந்தேன். இப்போதும் ஆசைப்பட்டு எழுதவில்லை. போன மாதம் எவனோ தொலைபேசிக் கம்பியைச் செம்புக்காக அறுத்துக்கொண்டு போய்விட்டான். தலைநகரத்துக்குப் போகும் கணவாய் பனியில் மூடிக் கிடக்கிறது. கண்ணாடித் தகட்டைப் பார்த்து, புற்றா இல்லையா என்று சொல்லத் தெரிந்த ஆள் இந்த மாகாணத்தில் நீங்கள் ஒருவர்தான். என் தலையெழுத்து.

நோயாளி உல்ஜான். ஆமாம், என் மனைவிதான். "வேற ஏதாவது பேரு எழுதி அனுப்பிடுங்க டாக்டர். பழைய சம்சாரம் கையில புது சம்சாரத்தோட தகட்டக் கொடுக்கிறதா? நல்லா இருக்கு கூத்து!" என்றாள் தலைமைச் செவிலி ரைகான். நான் பெயரை மறைக்கவில்லை. எப்படியும் மோப்பம் பிடித்துவிடுவீர்கள்.

வயது முப்பத்தொன்று. இடது மார்பில் கோழிமுட்டை அளவில் ஒரு கட்டி. வலி இல்லை, கெட்டியாக இருக்கிறது. அவளுடைய அத்தை மார்புப் புற்றில் போனவள். மெல்லிய ஊசி போட்டு இழுத்துப் பார்த்தேன். தெளிந்த நீர் வந்தது. வெறும் நீர்க்கட்டி என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் நீர் வந்த பிறகும் கட்டி வற்றவில்லை, சுவர் தடித்து நிற்கிறது. அதனால் சுவரில் ஊசியை உரசி மூன்று தகடுகளில் பூசி அனுப்புகிறேன். மினிபஸ் ஓட்டுகிற தொக்தோசுன் தேயிலை டப்பாவில் பஞ்சு சுற்றிக் கொண்டுவருவான்.

மார்பை முழுவதுமாக எடுத்துவிடுவது என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டேன். பதினான்காம் தேதி அறுவை. நீங்கள் ஆம், இல்லை என்று எழுதினால் போதும். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

இஷெனாலி

*

நரின்
6 பிப்ரவரி

அறுவை மருத்துவர் இஷெனாலி அவர்களுக்கு,

ஆம், இல்லை என்று கேட்டிருந்தீர்கள். இல்லை.

வேறு எதுவும் எழுத வேண்டாம் என்றும் சொன்னீர்கள். உங்கள் பேச்சைக் கேட்கும் வழக்கத்தைத்தான் மூன்று வருடத்துக்கு முன்பே விட்டாயிற்றே, அதனால் எழுதுகிறேன்.

மூன்று தகட்டிலும் புற்று உயிரணு ஒன்றுகூட இல்லை. இரத்தம் இருக்கிறது, கொஞ்சம் கொழுப்பு இருக்கிறது. ஆனால் இரண்டாவது தகட்டில் கிழிசல் கிழிசலாக ஒன்று கிடக்கிறது. வெங்காயத் தோல்போல அடுக்கு அடுக்காக இருக்கிறது. அதில் உயிரணு எதுவும் இல்லை. அது ஒரு பெண்ணின் உடம்பில் விளைகிற பொருள் இல்லை. என்னவென்று எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. வேறு சாயம் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அதற்குள் எனக்குப் பதில் வேண்டும். ஊசியில் வந்த அந்த நீர் எங்கே? எனக்கு எதற்காக அனுப்பவில்லை? தொட்டியில் கொட்டிவிட்டேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஊசி போட்ட பிறகு உல்ஜான் உடம்பைச் சொறிந்தாளா? முகம் வீங்கியதா? மூச்சு முட்டியதா? அவள் அப்பா ஆடு மேய்க்கிறவர் என்றுதானே கேள்விப்பட்டேன், பட்டியில் எத்தனை நாய்களோடு வளர்ந்தாள்?

நான் எழுதும்வரை கத்தியும் வேண்டாம், இன்னொரு ஊசியும் வேண்டாம். முக்கியமாக ஊசி வேண்டாம்.

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததிலிருந்து வலது விலாவுக்குக் கீழே கனக்கிறது. குளிர்காலம் தொடங்கியதிலிருந்தே அங்கே ஒரு கனம் இருந்தது, இப்போது கூடிவிட்டது. உங்களோடு குடித்தனம் நடத்தியதில் சேர்ந்த பித்தம் இன்னும் வடியவில்லை போலிருக்கிறது.

புருல்

*

கோக்-புலாக்
9 பிப்ரவரி

புருல்,

தொட்டியில்தான் கொட்டினேன். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். சீழ் என்றால் அனுப்புவோம், இரத்தம் என்றால் அனுப்புவோம். ஊற்றுத்தண்ணீர் மாதிரி வந்ததைப் புட்டியில் அடைத்து நரினுக்கு அனுப்ப எனக்கு என்ன பைத்தியமா?

சொறிந்தாள், ஆமாம். அரை மணி நேரத்தில் உடம்பெல்லாம் தடித்துப்போய், உதடு வீங்கி, மூச்சு இழுத்தது. மருந்து ஏற்றினேன், அடங்கிவிட்டது. அன்று காலையில் ரைகான் கொண்டுவந்த தேனை ரொட்டியில் தடவித் தின்றிருந்தாள். தேன் ஒத்துக்கொள்ளவில்லை.

நீ எங்கே வருகிறாய் என்று எனக்குத் தெரியாதா? நாய்ப்புழுக் கட்டி என்கிறாய். ஈரலில் எத்தனை எடுத்திருக்கிறேன், நுரையீரலில் எத்தனை எடுத்திருக்கிறேன்! இருபது வருடத்தில் மார்பில் ஒன்றைக் கண்டதில்லை. என் மனைவி நாயோடு படுத்துப் புரண்டவள் என்று மாகாணம் முழுக்கச் சொல்ல வேண்டும், அதுதானே உனக்கு ஆசை? கண்ணாடிக்குக் கீழே எதைக் கண்டாலும் அதில் எனக்கு ஒரு அவமானத்தைத் தேடுகிறாய். பத்து வருடம் உன்னோடு வாழ்ந்தேன், ஒரு நாளாவது அந்தக் கண்ணாடியை விட்டுத் தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்திருப்பாயா?

அறுவை பதினான்காம் தேதிதான். மாற்றமில்லை.

இஷெனாலி

*

நரின்
12 பிப்ரவரி

தேன் வைத்தியர் இஷெனாலி அவர்களுக்கு,

'நீ'க்கு இறங்கிவிட்டீர்கள், சந்தோஷம். கோபம் வந்தால்தான் உங்களுக்கு உண்மை வாயில் வரும்.

தேன் இல்லை. காலம் காலமாகத் தேன் தின்றவளுக்கு ஊசி போட்ட அன்றைக்குத்தான் ஒத்துக்கொள்ளாமல் போகுமா? புழுக்கட்டியின் நீர் ஒரு சொட்டு உடம்புக்குள் கசிந்தால் இப்படித்தான் தடிக்கும். அன்றைக்கு அவள் உங்கள் மேசையிலேயே செத்திருக்கலாம். பிழைத்தது அவளுடைய அதிர்ஷ்டம், உங்கள் கெட்டிக்காரத்தனம் இல்லை. ஊற்றுத்தண்ணீர் மாதிரி வந்தது என்று பெருமையாக எழுதுகிறீர்கள். அதுதான் அடையாளம்! சாதாரண நீர்க்கட்டியில் மஞ்சளாகவோ பச்சையாகவோ வரும். பனி உருகியதுபோல வந்தால் அதைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும். அந்த நீரின் அடியில்தான் புழுத்தலையும் அது கவ்விப்பிடிக்கிற கொக்கியும் மணல்மாதிரி தங்கும். நீங்கள் சாட்சியைத் தொட்டியில் கொட்டிவிட்டுத் தீர்ப்பு கேட்கிறீர்கள்.

மூன்றாவது தகட்டைக் காசநோய்க்குப் போடுகிற சாயத்தில் போட்டேன். நேற்று முழுக்க ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை தேடினேன். ஒரு கொக்கி கிடைத்தது. பூனை நகம் மாதிரி வளைந்து, சிவப்பாக நிற்கிறது. பச்சை மையில் வட்டம் போட்டு அனுப்பியிருக்கிறேன். உங்கள் ஊர்க் காசநோய் அறையில் நுண்ணோக்கி இருக்கிறதே, அதில் போய்ப் பாருங்கள். மார்பில் இது வருவதை நானும் புத்தகத்தில்தான் படித்திருக்கிறேன். தொடையில் ஒன்று பார்த்தேன், கழுத்தில் ஒன்று பார்த்தேன். இரத்தம் போகிற இடமெல்லாம் அதுவும் போகும், உங்களிடம் அனுமதி கேட்டுக்கொண்டு போகாது.

நாயில் அவமானம் எங்கே வந்தது? நம் அக்தோஷை மறந்துவிட்டீர்களா? அந்த வேட்டைநாயைக் குட்டியில் கோட்டுக்குள் வைத்து வளர்த்தது நான். குளிரில் என் போர்வைக்குள்தான் தூங்கும். ஒவ்வொரு வருடமும் குளிர்கால இறைச்சிக்கு ஆடு அறுக்கும்போது கொப்புளம் விழுந்த ஈரலைப் பச்சையாக அதற்கு வீசியது யார்? ஈரலிலிருந்து நாய்க்குப் புழு, நாயிடமிருந்து நம் வாய்க்கு அதன் முட்டை, குழி தோண்டிப் புதையுங்கள் என்று கத்துவேன். "அடப் போடி, அது அவன் பங்கு. வேட்டநாய்க்குப் பங்கு கொடுக்கலேன்னா அடுத்த வருஷம் ஒரு நரிகூட மாட்டாது!" இதைச் சொன்னவர் மலையில் இருக்கும் மேய்ப்பர் இல்லை, ஆறு வருடம் மருத்துவம் படித்தவர்.

அந்தப் பெண்ணின் மார்பை வீணாக அறுக்காதீர்கள். எனக்கு அவளைப் பிடிக்காது. ஆனாலும் அறுக்காதீர்கள்.

புருல்

*

கோக்-புலாக்
16 பிப்ரவரி

புருல்,

பார்த்தேன். வட்டத்துக்குள் கொக்கி இருக்கிறது. கொக்கிதான், தூசியில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். மாணவர்களுக்குக் காட்டுவதற்காக உன் மேசைமேல் ஆட்டு ஈரல் கட்டியின் நீரை ஜாடியில் வைத்திருப்பாயே, அது இன்னும் இருக்கிறதா? அதில் ஒரு சொட்டைத் தகட்டில் விட்டால் போதுமே. மூன்று தகட்டில் ஒரே ஒரு கொக்கி! நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் புழு என்று நம்பி உட்கார்ந்திருப்பேன், உள்ளே புற்று பரவிக்கொண்டிருக்கும். கோடைக்குள் அவளைப் புதைப்பேன். உனக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்?

எழுதிவிட்டேன். மனதில் வைத்துக்கொண்டு புழுங்குவதைவிட இது மேல்.

பதினான்காம் தேதி அறுவை நடக்கவில்லை. உல்ஜான் மேசையில் ஏற மறுத்துவிட்டாள். உன் கடிதங்களை என் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் படித்திருக்கிறாள்.

"எல்லாரும் என்கிட்ட பொய் சொல்றீங்க. ரைகான் ஒண்ணுமில்ல கொழுப்புக்கட்டின்னு சொல்றா. அம்மா கண்ணுபட்டிருக்குன்னு சொல்றாங்க. நீங்க சின்ன அறுவைதான்னு சொல்லிட்டு மாரையே எடுக்கப் பார்க்கிறீங்க. புருல் எஜே ஒருத்திக்குத்தான் என்னைப் பிடிக்கல. பிடிக்காதவங்களுக்கு என்னைச் சமாதானப்படுத்தணும்னு என்ன அவசியம்? நான் அவங்களத்தான் நம்புவேன்" என்கிறாள். எஜே, அக்கா என்றுதான் உன்னைச் சொல்கிறாள்.

"அவ உன்னைக் கொல்லப் பார்க்கிறாடி" என்றேன்.

"கொல்லணும்னா சும்மா ஆமான்னு ஒரு வார்த்தை எழுதியிருப்பாங்க. நீங்களே அறுத்துப் போட்டிருப்பீங்க" என்றாள்.

என்ன செய்யச் சொல்கிறாய், எழுது. நீ சொன்னால் செய்துவிடுவேன் என்று நினைக்காதே. எழுது.

இஷெனாலி

*

நரின்
19 பிப்ரவரி

இஷெனாலி,

'அவர்களுக்கு' எல்லாம் இனிமேல் கிடையாது.

உங்கள் கடிதத்தை ஆய்வகத்தில் நின்றபடியே படித்தேன். படித்து முடித்ததும் ஒரு புட்டியைச் சுவரில் எறிந்து உடைத்தேன். நீங்கள் லாரியில் என் தேநீர் சமோவாரையும் தையல் மெஷினையும் ஏற்றி அனுப்பிய அன்றைக்குக்கூட நான் எதையும் உடைக்கவில்லை.

மூன்று வருடமாக உங்களுக்கு என்னென்னவோ கெடுதல் வேண்டிக்கொண்டிருக்கிறேன். உங்கள் வீட்டுக் கூரை ஒழுக வேண்டும், உங்கள் குதிரை நொண்ட வேண்டும், நீங்கள் விருந்தில் பாட எழுந்தால் தொண்டை அடைத்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் மனதாரச் சபித்திருக்கிறேன். அவளையும் சபித்திருக்கிறேன். ஆனால் கண்ணாடித் தகட்டின்மேல் நான் யாருக்கும் எதுவும் வேண்டிக்கொண்டதில்லை. ஜாடி இன்னும் மேசையில்தான் இருக்கிறது. அதன் மூடி மெழுகு வைத்து அடைத்தது, அடைத்தது நீங்கள்தான், ஞாபகம் இருந்தால்.

என்ன செய்ய என்று கேட்கிறீர்கள். கேளுங்கள். மார்பை எடுக்காதீர்கள். கட்டியை மட்டும், சுற்றியுள்ள சதையோடு சேர்த்து, முழுசாக எடுங்கள். உடைக்கக் கூடாது. சுற்றிலும் கடும் உப்புநீரில் நனைத்த துணி வையுங்கள். தடிப்புக்கும் மூச்சுக்குமான மருந்தைத் தொடங்கும் முன்பே ஊசியில் ஏற்றிப் பக்கத்தில் வைத்திருங்கள். எடுத்ததைப் பக்கத்து மேசையில் வைத்துப் பிளந்து பாருங்கள். உள்ளே சதை இருந்தால் நான் பொய் சொன்னவள். கையோடு மார்பையும் எடுத்துவிடுங்கள், உங்களுக்குக் கொஞ்ச நேரம்தான் நஷ்டம். உள்ளே வெள்ளைத் தோலும் நீரும் இருந்தால் தையல் போட்டு மூடுங்கள். இதற்கு நீங்கள் என்னை நம்ப வேண்டிய தேவையே இல்லை. அதனால்தான் இந்த வழியைச் சொல்கிறேன்.

இன்னொன்று. ஆட்டோடும் நாயோடும் புழங்கிய எல்லாரும் ஸ்கேன் பார்த்துக்கொள்ள வேண்டும், நீங்களும்தான். அக்தோஷ் செத்து வருடங்கள் ஆகியிருக்கலாம், அது விட்டுப்போனது உள்ளே மெதுவாக வளரும். வெள்ளிக்கிழமை நான் பெர்மெத்தை அழைத்துப்போகிறேன். அவள் உங்கள் மகளும்கூட என்பதால் தெரிவிக்கிறேன்.

புருல்

*

கோக்-புலாக்
26 பிப்ரவரி

புருல்,

நேற்று முன்தினம் செய்தேன். முழுசாக வந்தது. பழைய ஊசி போன இடத்தில் மட்டும் சதையோடு ஒட்டியிருந்தது, அங்கே எனக்கு வியர்த்துவிட்டது. உடையவில்லை. தடிப்பு இல்லை, மூச்சு சீராக இருந்தது.

பக்கத்து மேசையில் வைத்துப் பிளந்தேன். வேகவைத்த முட்டையின் வெள்ளைபோல ஒரு தோல் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. உள்ளே நீர். சதை இல்லை.

மார்பு இருக்கிறது. சின்னத் தையல்தான்.

அந்த நீரை உனக்கு அனுப்பத்தான் இருந்தேன். நான் தையல் போட்டுக்கொண்டிருக்கும்போது ரைகான் தட்டைக் கழுவிவிட்டாள். "சுத்தமான தண்ணிதானே டாக்டர், அதப் போய் எதுக்கு வச்சுக்கிட்டு?" என்கிறாள். கத்தாதே. நானே கத்திவிட்டேன். பழகிய கை, என்ன செய்வது?

உல்ஜான் கண் விழித்ததும் முதலில் கையை வைத்துத் தடவிப் பார்த்தாள். பிறகு அழுதாள். பிறகு, "எஜேகிட்ட சொல்லிட்டீங்களா?" என்றாள். ஒரு பை நிறையக் காய்ந்த தயிர் உருண்டை அனுப்பியிருக்கிறாள். அவள்தான் அனுப்பினாள், நான் இல்லை.

ஜாடியைப் பற்றி எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மற்ற எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

பெர்மெத்துக்கு என்ன ஆயிற்று? அதை ஏன் இன்னும் எழுதவில்லை?

இஷெனாலி

*

நரின்
1 மார்ச்

இஷெனாலி,

பெர்மெத்துக்கு ஒன்றுமில்லை. ஈரல், நுரையீரல் எல்லாம் சுத்தம். இதை முதலில் எழுதுகிறேன், ஏனென்றால் நீங்கள் இதைத்தான் முதலில் தேடுவீர்கள்.

அவளைப் பார்த்து முடித்ததும் ஸ்கேன் எடுக்கிற பையன், "மெஷின் சூடாத்தான் இருக்கு டாக்டர், நீங்களும் படுங்க" என்றான். சும்மா படுத்தேன். பெர்மெத்தோடு வளவளவென்று பேசிக்கொண்டிருந்தவன் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டான். நானே தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தேன். யாரும் எனக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

ஈரலில் இரண்டு. ஒன்று சின்னது. இன்னொன்று வலது விலாவுக்குக் கீழே, கைமுட்டி அளவு. பித்தமில்லை. நீங்களும் இல்லை. இத்தனை நாள் உங்களைத் திட்டிக்கொண்டு தடவிக்கொடுத்த இடத்தில் அக்தோஷின் சொத்து உட்கார்ந்திருக்கிறது. அதன் பங்கை நீங்கள் அதற்கு வீசினீர்கள், அது என் பங்கை எனக்குக் கொடுத்துவிட்டது. ஜாடியில் ஒரு சொட்டு போதும் என்று எழுதினீர்களே, இப்போது ஜாடியே என் வயிற்றுக்குள் இருக்கிறது.

பெரியதன் சுவர் மெலிந்துவிட்டது. ஒரு பக்கம் புடைத்து நிற்கிறது. இருமினாலே எனக்குப் பயமாக இருக்கிறது. பனி கரைந்து கணவாய் திறக்கும்வரை காத்திருக்க முடியாது. இந்த மாகாணத்தில் ஈரலைத் திறக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் மதியத்துக்கு மேல் குடிப்பார். இன்னொருவர் நீங்கள்.

உங்களை எனக்குப் பிடிக்காது. நீங்கள் செய்ததை மன்னிக்கவும் இல்லை. இதைக் கேட்டு எழுத நேர்ந்தது எனக்கு எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது தெரியுமா? நாலு தாளைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். ஆனால் பத்து வருடம் உங்கள் கை எடுத்து அனுப்பிய துண்டுகளை நான் கண்ணாடிக்குக் கீழே பார்த்திருக்கிறேன். ஒன்றுகூட நசுங்கி வந்ததில்லை. ஆளைப் பற்றி எனக்குத் தெரிந்தது வேறு, கையைப் பற்றித் தெரிந்தது வேறு.

வியாழக்கிழமை தொக்தோசுன் வண்டியில் வருகிறேன். மேடு பள்ளத்தில் மெதுவாக ஓட்டச் சொல்லியிருக்கிறேன். உங்கள் மனைவியின் தயிர் உருண்டை உப்பாக இருக்கிறது, சொல்லிவிடுங்கள்.

புருல்

*

கோக்-புலாக்
4 மார்ச்

புருல்,

வியாழன் வா. முதல் நாள் இரவிலிருந்து எதுவும் சாப்பிடாதே. தொக்தோசுனிடம் நானும் சொல்லிவிட்டேன், ஒரு குழியில் வண்டி துள்ளினாலும் அவன் பல்லைக் கழற்றிவிடுவேன் என்று. முன் இருக்கையில் உட்கார். பெர்மெத்தையும் அழைத்து வா, அவள் எங்கள் வீட்டில் இருப்பாள். உல்ஜான் ஏற்கெனவே அறையைப் பெருக்கிவிட்டாள். "எஜே என்ன திட்டினாலும் நான் வாயத் திறக்க மாட்டேன்" என்கிறாள். திறப்பாள். அவளுடைய தயிர் உருண்டையைக் குறை சொன்னதை நான் சொல்லவில்லை.

நானும் ஸ்கேன் பார்த்துக்கொள்கிறேன். முதலில் நீ.

அக்தோஷைப் பற்றி நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். உன் கடிதம் வந்ததிலிருந்து உன்மேல் இருக்கும் கோபத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அதை விட்டால் கை நடுங்கும். வியாழக்கிழமை எனக்குக் கை நடுங்கக் கூடாது. அதனால் வந்ததும் வழக்கம்போல இரண்டு வார்த்தை திட்டிவிட்டு மேசையில் ஏறு.

சுவர் மெலிந்த கட்டியை உல்ஜானுடையதைப்போல முழுசாக எடுக்க முடியாது, அதனால் ஈரலை உப்புநீர்த் துணியால் சுற்றி மூடிவிட்டு, முதலில் ஊசியால் நீரை இழுப்பேன். நீ சொன்ன மருந்தெல்லாம் பக்கத்தில் தயாராக இருக்கும். ரைகானை அன்றைக்குத் தட்டுப் பக்கமே விட மாட்டேன். நீரை நானே கண்ணாடிக் குழாயில் ஊற்றி, இறுக மூடி, குளிர்ந்த அலமாரியில் வைத்துப் பூட்டுகிறேன். ஒரு சொட்டுகூடக் கொட்ட மாட்டேன். அதைப் பார்த்துச் சொல்லத் தெரிந்த ஆள் இந்த மாகாணத்தில் ஒருத்திதான் இருக்கிறாள்.

எழுந்து வந்து நீயே பார்.

இஷெனாலி